தொடரில் வரும் நல்ல அக்கா

அக்டோபர் 11, புதன்

காலை ஏலத்தில் மொத்தமே ஆறு பெட்டி கணவாய் மீன். மூன்று எனக்குக் கிடைத்தது. கீறிக் கழுவிக் கம்பியில் காயத் தொங்கவிடும்போதே வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்து இரண்டு பகுதிதான் ஓடியிருக்கிறது, அதற்குள் இந்தக் கூட்டம். கோடையில் கேமராக்காரர்கள் வந்து நம் ஊர்க் காட்சிகளை எடுத்துக்கொண்டு போனதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஒரு பெண் கேட்டாள், "தொடர்ல வர்ற அக்கா நீங்கதானாமே? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

நாற்றமடிக்கும் கையுறையோடு நின்றேன். சிரிக்கச் சொன்னாள்.

எழுதுவது என் தங்கை இன்ஹே. கதை எங்கள் வீட்டுக் கதை. அம்மா ஒரு நாள் வீட்டைவிட்டுப் போகிறாள். பதினாறு வயது அக்கா படிப்பை விட்டுவிட்டுக் கணவாய் கீறி, ஒன்பது வயதுத் தங்கையை வளர்க்கிறாள். பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் நடந்ததுதான்.

பிறகு ஏன் உட்கார முடியவில்லை? காலையிலிருந்து அலைதடுப்புச் சுவர்வரை மூன்று முறை போய்த் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஊர்க் கூடத்தில் பெரிய தொலைக்காட்சி. எங்கள் ஹேவோல் துறைப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். வரமாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டு உல்ஜின் அக்கா விடவில்லை. "கதாநாயகி இல்லாம எப்படிடி படம் பாக்குறது?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். உல்ஜின் அவள் பிறந்த ஊர். முப்பது வருடமாக அதுதான் அவள் பெயர்.

தொடரில் அம்மா துணி வியாபாரி ஒருவனோடு போகிறாள். மூட்டையோடு பேருந்தில் ஏறுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"பாவி! பெத்த வயிறா அது?" என்று உல்ஜின் அக்கா தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு கடுதாசி? ஒரு துண்டுக் காகிதம்? உங்கம்மாவும் இப்படித்தானே இன்சுக்? ஒரு வரி எழுதலையே அவ!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாசமாகத்தான் பார்த்தார்கள்.

கழிவறைக்குப் போவதுபோல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

கம்பியில் இருந்த கணவாயை இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் வேறு வேறு எண்.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்ஹே சியோலிலிருந்து பேசினாள். நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் தொடர் இப்போது அதுதானாம். குரல் கரகரவென்று இருந்தது. கடைசி நான்கு பகுதி இன்னும் எழுதவில்லை, எழுத எழுத எடுக்கிறார்கள் என்றாள்.

"பதினாலாவதுல அம்மாவைச் சாகடிக்கிறேன் அக்கா. ஆஸ்பத்திரியில. ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவா. ரெண்டு பேருமே போகமாட்டாங்க."

"ஏன் போகக்கூடாது?"

"ஏன் போகணும்? நமக்கு அவ என்ன செஞ்சா?"

"அவ எங்கயாவது உட்கார்ந்து இதைப் பாத்துக்கிட்டு இருந்தா?"

"பாக்கட்டும். அதுக்குத்தான எழுதுறேன்." சிரித்தாள். பிறகு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அக்கா" என்றாள்.

என் புருஷன் பனிக்கட்டி லாரியைக் கழுவிக்கொண்டு வெளியே நிற்கிறார். யாரும் இல்லை. இதிலாவது எழுதிவிடுகிறேன்.

அம்மா கடிதம் எழுதினாள். இரண்டு வருடத்தில் ஏழு கடிதம். தபால்காரர் வரும் நேரம் நான் துறையில் கணவாய் கீறிக்கொண்டிருப்பேன், என் கையிலேயே கொடுத்துவிடுவார். எந்த வியாபாரியும் இல்லை. தெற்கே யோசு ஊரில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை, பின்னால் ஓர் அறை. படகு கைவிட்டுப் போன பிறகு அப்பா குடித்துவிட்டுக் கையில் கிடைத்ததை வீசுவார். அதுதான் அவள் போனதற்குக் காரணம், அது எனக்குக் கடிதம் இல்லாமலே தெரியும்.

முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். சின்னவளை என்னிடம் அனுப்பு. நீ பெரியவள், அப்பாவைப் பார்த்துக்கொள்.

என்னைக் கூப்பிடவில்லை. ஏழு கடிதத்திலும் கூப்பிடவில்லை.

ஒவ்வொன்றையும் படித்து, கரி அடுப்பில் போட்டேன். இன்ஹே போய்விட்டால் அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். நான் நல்ல அக்கா இல்லை. தனியாக இருக்கப் பயந்தேன், அவ்வளவுதான். ஏழாவது கடிதத்தில், புத்தாண்டு அன்று சின்னவள் வருவாளென்று கடைசிப் பேருந்துவரை நிலையத்தில் நின்றேன், இனி எழுதி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்றிருந்தது.

அப்பா சாகும்வரை, பதினேழு வருடம், சாயந்திரம் ஆனால் கேட்பார். "தபால் ஏதாவது வந்துச்சா?"

"இல்லப்பா."

நவம்பர் 2, வியாழன்

இன்ஹேக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் அவள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

இன்று ஊருக்கே குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். கூடத்து முற்றத்தில் முந்நூறு முட்டைக்கோஸ். பத்துப் பெண்கள் முழங்கைவரை மிளகாய் விழுதோடு உட்கார்ந்திருந்தோம். பேச்செல்லாம் தொடர்தான். நேற்று முன்தினம் காட்டியதில் தங்கைக்குக் காய்ச்சல், அக்கா அவளை முதுகில் சுமந்து மலைப்பாதையில் ஓடுகிறாள். அதுவும் நடந்ததுதான்.

உல்ஜின் அக்கா ஒரு முட்டைக்கோஸைப் பிரித்து விழுதைத் திணித்துக்கொண்டே சொன்னாள், "அந்தம்மா மட்டும் இப்ப என் கையில கிடைக்கணும். இந்த விழுதை அப்படியே மூஞ்சில பூசிவிடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எழுதினா" என்றேன்.

"யாருடி?"

"எங்கம்மா. ஏழு கடுதாசி எழுதினா. நாந்தான் எரிச்சேன். இன்ஹேக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. போதுமா? இனிமே அவளைத் திட்டாதீங்க! என் காது கேக்க யாரும் திட்டாதீங்க!"

எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். நின்றதே எனக்குத் தெரியவில்லை. அந்தக் கையோடு முகத்தைத் துடைக்கப் போனேன். உல்ஜின் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையைக் கழுவு. கண்ணுல பட்டா எரியும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயந்திரம் என் பங்குக் கிம்ச்சி வாசலில் இருந்தது. கொண்டுவந்தது யாரென்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 8, புதன்

இவர் காதுக்கும் வந்துவிட்டது. பனிக்கட்டிக் கிடங்கில் பேசிக்கொண்டார்களாம். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"இவளே, நிஜமா?"

"நிஜம்."

"இருபத்தெட்டு வருஷம் கூட இருந்திருக்கேன்."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"தெரியல" என்றார். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "யாரோ சொல்லி இன்ஹே தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லு. போன்ல வேண்டாம்" என்றார்.

நவம்பர் 9, வியாழன்

பேருந்தில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது. சியோலிலிருந்து திரும்பி வரும் பேருந்து.

இன்ஹேயின் மேசை முழுக்கக் காகிதம், சாப்பிடாத நூடுல்ஸ். என்னைப் பார்த்ததும் குழந்தைமாதிரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பழம் உரித்தேன். பாத்திரம் கழுவினேன். கடைசியில் தண்ணீர்க்குழாயைப் பார்த்தபடியே சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"என்ன எழுதியிருந்தா?"

சொன்னேன். ஏழும் மனப்பாடம். ஒன்றன்பின் ஒன்றாக, தேதியோடு.

"மூணாவதை இன்னொரு தரம் சொல்லு."

மூன்றாவதில் இன்ஹேக்கு என்று ஒரு பக்கம் தனியாக இருந்தது. பல் விழுந்ததா, கூரையில் எறிந்தாயா என்று. சொன்னேன்.

"ஊரெல்லாம் அவளைக் கரிச்சுக் கொட்டுது, நான் எழுதினதைப் பாத்து. இதெல்லாம் தெரிஞ்சும் என்னை எழுத விட்டியே அக்கா. நீ படிச்சுப் பாருன்னு முதல் பகுதியையே அனுப்பினேனே. நல்லாருக்குன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"எப்படி இருந்தது, நல்ல அக்காவா இருக்கிறது?"

அவள் என் பையை எடுத்து வாசலில் வைத்தாள். "போ அக்கா. பஸ் போயிடும்." அடிக்கவாவது செய்திருக்கலாம்.

நவம்பர் 13, திங்கள்

போன் இல்லை. துறையில் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள். கணவாய் நன்றாகக் காய்கிறது, நல்ல காற்று.

நவம்பர் 16, வியாழன்

அலைதடுப்புச் சுவர்வரை ஐந்து தரம் போய்த் திரும்பினேன். இவர் என் தேய்ந்த செருப்பைப் பார்த்துவிட்டுப் புதிது வாங்கி வந்தார்.

நவம்பர் 19, ஞாயிறு

பதினான்காவது பகுதி. கூடத்துக்குப் போகவில்லை, வீட்டில் நாங்கள் இருவரும் பார்த்தோம். ஆஸ்பத்திரி இல்லை. அம்மா சாகவில்லை. அவள் எழுதிய கடிதங்கள் தெரிய வருகின்றன.

ஆனால் தொடரில் அவற்றை எரித்தவர் அப்பா.

நடிகர் ஒருவர், முகத்தில் அப்பாவின் சாயலே இல்லை, அடுப்பில் ஒவ்வொன்றாகப் போடுகிறார். அக்கா பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கதவுக்கு வெளியே தங்கையை மடியில் போட்டுத் தூங்கவைக்கிறாள்.

எழுந்து தொலைக்காட்சியை அணைத்தேன். இவர் தடுக்கவில்லை.

நவம்பர் 20, திங்கள்

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா மேல ஏன் போட்ட?"

"உன் மேல போட்டா அந்த ஊர்ல நீ எப்படி இருப்ப?"

"ஊருக்குத் தெரியும். கிம்ச்சி போடுற அன்னைக்கு நானே கத்திட்டேன்."

"நீயா? எல்லார் முன்னாடியுமா?"

"அப்பா தினம் கேப்பாரு இன்ஹே. தபால் வந்துச்சா தபால் வந்துச்சான்னு. அவரு ஒரு கடுதாசிகூடக் கண்ணால பாக்கல. வேற என்ன வேணா செஞ்சாரு, இதைச் செய்யல. மாத்து."

"மாத்த முடியாதுக்கா. ஓடிடுச்சு. நாடே பாத்துடுச்சு. கடைசி ரெண்டும் எடுத்தாச்சு."

அழுதாள். இப்போதுதான் அழுதாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் அப்பாவுக்கு இன்னொரு பழி. இதை இனி யார் துடைப்பது?

வைப்பதற்குமுன் சொன்னாள், "நான் வட்டார அலுவலகத்துல எழுதிக் குடுத்திருக்கேன். மகள்னா அம்மா விலாசத்தைக் கேட்டு வாங்கலாமாம். இவ்வளவு சுலபம். நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நான் கேக்கவே இல்ல பாரு."

நவம்பர் 26, ஞாயிறு

தொடர் முடிந்தது. ஏதோ எல்லோரும் ஒன்றுசேர்ந்தார்களாம், இவர் சொன்னார்.

நவம்பர் 28, செவ்வாய்

உல்ஜின் அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"உங்கப்பன் எரிச்சதா காட்டுனாங்களே. எவனோ வெளியூர்க்காரன் கடைவாசல்ல நின்னு அவரைத் திட்டினான். அவரு பண்ணலடா, எனக்குத் தெரியும்டான்னேன். யாரு பண்ணாங்கன்னு கேட்டான். உனக்கெதுக்குன்னு சொல்லிட்டேன்." என் தட்டிலிருந்து இரண்டு கணவாயை எடுத்து அவளே தொங்கவிட்டாள். "பதினாறு வயசுல எனக்கும் புத்தி இல்லடி."

டிசம்பர் 6, புதன்

மத்தியானம் போன். இன்ஹே எண். எடுத்தால் பின்னால் டக் டக்கென்று சத்தம்.

"யோசுவுல இருக்கேன் அக்கா. அதே கொட்டகைதான், அம்மா இன்னும் இங்கதான் வேலை செய்யுது. எழுபத்தி நாலு வயசு. தொடரைப் பாக்கவே இல்லையாம். அந்த நேரத்துல வேற சேனல்ல பாட்டுப் போட்டி பாக்குமாம்." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எல்லாம் சொல்லிட்டேன். நீ செஞ்சதையும் சொல்லிட்டேன். இரு, குடுக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இன்சுக்கா?"

குரல் எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்டதும்தான் மறந்தது தெரிந்தது.

"ஆமாம்மா."

"ஏழும் படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுத்தான் எரிச்சியா?"

"ஆமாம்மா."

யாரிடமோ "கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். சிப்பி உடைக்கும் சத்தம் நின்றது. பிறகு என்னிடம், "நீ பெரியவ, சமாளிச்சுக்குவன்னு நினைச்சேன். பதினாறு வயசு. இப்ப யோசிச்சா அது ஒரு வயசா? உன்னையும்தான் கூப்பிட்டிருக்கணும்" என்றாள்.

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

யோசுவுக்குச் சனிக்கிழமைப் பேருந்தில் சீட்டு எடுத்துவிட்டார் இவர், பூசானில் மாற வேண்டும். உல்ஜின் அக்காவிடம் இரண்டு நாளைக்குக் கணவாயைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டேன்.

"ரெண்டு நாள் எதுக்குப் பத்தும்? ஒரு வாரம் இருந்துட்டு வா" என்றாள்.