கண்ணுக்குக் கீழே இருந்த காயம்

12-7-1994, செவ்வாய்

போன வாரம் ஒரு பெண் ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்து கருப்பு வெள்ளையில் படம் எடுத்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. டச்சிங் செய்பவன் நான். வழக்கம்போல நெகட்டிவில் பென்சிலை லேசாக ஓட்டி அதை மறைத்துவிட்டேன். தோல் இயல்பாக வந்ததில் எனக்கே திருப்தி.

இன்று அண்ணனோடு வந்தாள். முகத்தில் காயம் ஆறியிருந்தது. படத்தைப் பார்த்ததும் பதறிப்போய், "சார், இங்க இருந்த காயம் எங்க?" என்றாள். புருஷன் அடித்ததைப் பிறந்த வீட்டில் நம்பவில்லையாம். காட்டுவதற்காகத்தான் படமே எடுத்திருக்கிறாள்.

அண்ணன் வாங்கிப் பார்த்தான். "நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நான்தான் சார் மறைச்சேன். அரை மணி நேரம் இருங்க. பென்சிலைத் துடைச்சிட்டு வேற பிரிண்ட் போட்டுத் தரேன்."

"பேடா சார், வேண்டாம். குண்டலுபேட்டை பஸ்ஸுக்கு டைமாச்சு. மாப்பிள்ளை காத்துட்டிருப்பாரு."

அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டான். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு துடைத்துப் பிரிண்ட் போட்டேன். காயம் தெளிவாக வந்திருக்கிறது. ரசீதில் மஞ்சுளா என்ற பெயர் மட்டும்; விலாசம் இல்லை. படம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

உண்மையிலேயே நம்பாதவன் அந்த அரை மணி நேரம் இருந்து பார்த்திருப்பான்.