அப்பா வாசிக்காத இரண்டாம் பக்கம்

அனுப்புநர்:
கனகரத்தினம் கிருசிகா (வயது 24)
பல்கலைக்கழக மாணவி
வில் நகர், சுவிஸ்

பெறுநர்:
விசாரணைக்குப் பொறுப்பான அரச வழக்குரைஞர் அவர்கள்

பிரதி:
கன்டோன் (மாநில) பாதுகாப்புத் திணைக்களம்

பொருள்: என் தம்பி கனகரத்தினம் சயனின் (வயது 16) துப்பாக்கி மரணம் தொடர்பாக என் தந்தை அளித்த வாக்குமூலத்தைத் திருத்தக் கோருதலும், சிறுவரிடம் துப்பாக்கி ஒப்படைக்கப்படும் முறை பற்றிய முறைப்பாடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனு தமிழில் எழுதப்பட்டுள்ளது. முழுமையான டொச் (ஜேர்மன்) மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. இதில் உள்ளவற்றைத் தங்களுக்கு முன்பு என் பெற்றோர் அறிய வேண்டியிருந்தது. அதனால் முதலில் தமிழ்.

1. 2024 செப்டெம்பர் 7, சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில் சயன் தன் அறையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குப் போட்டி. உள்ளே ஒரு தோட்டா இருந்தது. பயிற்சியின்போது திருப்பிக் கொடுக்கப்படாமல் வந்த ஒன்று. அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். விபத்து என்று பொலிஸ் அறிக்கை கூறுகிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. கோப்பில் அவன் 'இறந்தவர்' என்று மட்டும் குறிக்கப்படுகிறான். இங்கே பெயரை எழுத அனுமதிக்கவும்.

2. துப்பாக்கி எங்களுடையதல்ல. இளையோருக்கான சுடுதல் பயிற்சியில் சேர்ந்த சயனுக்கு ஒரு கழகத்தின் வழியாக இரவலாகத் தரப்பட்டது. சேர்வதற்குப் பெற்றோரின் ஒப்பம் வேண்டும். படிவம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பயிற்சி நாட்கள், காப்புறுதி, மதிய உணவு. இரண்டாம் பக்கத்தில் பெற்றோரின் கடமைகள்: துப்பாக்கி வீட்டில் பூட்டி வைக்கப்படும். அதைச் சுடவைக்கும் உட்பாகம் கழற்றப்பட்டு வேறோர் இடத்தில், பெற்றோரின் சாவியில் இருக்கும். தோட்டா எதுவும் வீட்டுக்கு வரவில்லை என்பதைப் பெற்றோர் ஒவ்வொரு தடவையும் பார்ப்பர். இதன் கீழே அப்பாவின் ஒப்பம் இருக்கிறது. திகதி, பெப்ரவரி 13.

3. அந்தப் பக்கத்தை வாசித்தீர்களா என்று விசாரணையில் அப்பாவிடம் கேட்கப்பட்டது. "வாசிச்சுத்தான் ஒப்பம் வைச்சனான்" என்றார். விளங்கியதா என்று கேட்கப்பட்டது. "ஓம், எல்லாம் விளங்கினது" என்றார். சட்டத்தரணி தந்த பிரதியில் இதைக் கடந்த வியாழக்கிழமை கண்டேன்.

இது உண்மையல்ல.

4. அந்தப் பக்கத்தை வாசிக்க என் தந்தையால் முடியாது. முப்பத்துநான்கு ஆண்டுகளாக இந்நாட்டில் இருக்கிறார். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே உலோகத் தொழிற்சாலை. டொச் கதைப்பார். இயந்திரத்தைப் பற்றி, பனியைப் பற்றி, விடுமுறையைப் பற்றி. கடிதங்களின் டொச் வேறு. எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன். வரி, வாடகை, வதிவிட அனுமதி, பாடசாலை. "என்னவாம் பிள்ளை?" என்று அப்பா கேட்பார். ஒரு பக்கத்தை ஒரு வசனமாக்கிச் சொல்வேன். பெரும்பாலும் அந்த வசனம்: ஒண்டுமில்லை.

இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வளர்ந்தோம். சுருக்குவதில் கெட்டிக்காரர்கள்.

5. பெப்ரவரி 13 அன்று நான் சூரிச்சில், நூலகத்தில் இருந்தேன். அப்பா கைத்தொலைபேசியில் இரண்டு படங்கள் அனுப்பினார். படிவத்தின் இரண்டு பக்கங்கள். முதலாவதைத் திறந்தேன். இரண்டாவதைத் திறக்கவில்லை. "ஓம் அப்பா. ஸ்போர்ட் தான். சைன் பண்ணுங்கோ" என்று எழுதினேன். நேரம் 11.42. பிரதி இணைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது படத்தை நான் முதன்முதலாகத் திறந்தது செப்டெம்பர் 9ஆம் திகதி.

6. ஏப்ரலில், துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று, அப்பா தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, துவக்கு வீட்டை வந்திட்டுது" என்றார். யாரோ பக்கத்தில் நின்று கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தியிருந்தார். நான் சிரித்தேன். "இஞ்ச எல்லா வீட்டிலயும் இருக்குது அப்பா. இது சுவிஸ். பயப்பிடாதேங்கோ" என்றேன்.

1990இல் அவர் ஏன் இங்கே தஞ்சம் கோரினார் என்பது அவருடைய பழைய கோப்பில் இருக்கும். இலங்கையில் அவருடைய தமையனைச் சுட்டார்கள். அதை நான் அறிவேன். அறிந்துதான் சிரித்தேன்.

அதன்பின் அப்பா சயனின் அறைக்குள் போனதில்லை. வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுவார். அம்மா, அப்பா உடுத்துப் பழசான ஒரு சாறத்தால் துப்பாக்கியை மூடினார். பொலிஸ் எடுத்த நான்காவது படத்தில், கட்டிலின் கால்மாட்டில், அந்த நீலக் கட்டம் போட்ட சாறம் தெரிகிறது. தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்தார்கள். படிவம் கேட்டது வேறு. கையில் எடுக்க வேண்டும், கழற்ற வேண்டும், உள்ளே பார்க்க வேண்டும்.

7. அப்பாவுக்குப் பொறுப்பில்லை என்று நான் எழுதவில்லை. துப்பாக்கி வீட்டுக்கு வந்ததை அவர் கண்டார். திருப்பி அனுப்பியிருக்கலாம். அதை அவரே தினமும் சொல்கிறார். ஆனால் எல்லாவற்றையும் வாசித்து, விளங்கி, பிறகு அலட்சியமாக இருந்த ஒரு மனிதர் கோப்பில் இருக்கிறார். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக அப்பா அவரை உண்டாக்கினார்.

8. கழகத்தில் எவரும் அப்பாவைக் கண்டதில்லை. படிவம் சயனின் புத்தகப் பையில் வந்தது. அதே பையில் திரும்பிப் போனது. ஒப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப்பட்டது. ஒரு சிறுவனிடம் துப்பாக்கி கொடுக்கப் பெற்றோரின் சம்மதம் அவசியம் என்றால், அந்தச் சம்மதம் பெற்றோரிடமிருந்துதான் வந்ததா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே தங்களை வேண்டுவது இது. நவம்பர் 12 அன்று என் தந்தை மீண்டும் விசாரிக்கப்படுவதற்கு முன் என்னைச் சாட்சியாக அழையுங்கள். என் குறுஞ்செய்தியைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் எனக்கு வரக்கூடிய விளைவைச் சட்டத்தரணியிடம் கேட்டு அறிந்த பின்பே இதை எழுதுகிறேன்.

பாதுகாப்புத் திணைக்களத்திடம் வேண்டுவது: பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குத் தரப்படும் துப்பாக்கி சுடுதளத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பெற்றோரின் சம்மதம் நேரில், அவர்களுக்கு விளங்கும் மொழியில் பெறப்பட வேண்டும். மொழிபெயர்ப்பவர் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடாது.

நேற்றுப் பின்னேரம் இம்மனுவை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். படிவத்தின் இரண்டாம் பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். தோட்டா பற்றிய வரியில் அம்மா எழுந்து போனார். அப்பா கடைசிவரை இருந்தார். பிறகு ஒன்று மட்டும் சொன்னார்.

"உன்ர பேரை எடுத்துவிடு பிள்ளை. இனி எனக்கு நீ ஒராள்தான்."

அவர் சொன்னதைச் சுருக்காமல் தங்களுக்கு அறியத் தருகிறேன். பெயரை எடுக்கவில்லை.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
கனகரத்தினம் கிருசிகா
சயனின் அக்கா

இடம்: வில்
திகதி: 28.10.2024

இணைப்பு: டொச் மொழிபெயர்ப்பு, 13.02.2024 குறுஞ்செய்தியின் பிரதி, படிவத்தின் இரண்டு பக்கங்களும்.