ரீஃபண்டு வந்ததும் தருகிறேன்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட துப்பட்டா பக்கத்து பனியன் யூனிட் தகரக் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. கோவாவிலிருந்து நேற்று வந்தேன், பையை இன்னும் பிரிக்கவில்லை.

இன்றைக்கு:
— ஓவர்லாக் தையல் மெஷின் மெக்கானிக்குக்கு போன்
— துபாய் ஆர்டர், குழந்தைப் பனியன். சைஸ் ஸ்டிக்கர் மாறி ஒட்டியிருக்கிறார்கள்
— அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை
— அம்மாவிடம் சொல்ல வேண்டும்

கடைசி வரியை அடித்துவிட்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பதினான்கு லட்சம். எழுதிப் பார்த்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. சிநேகிதி விஜயாவின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு என்று போன ஊரில், கப்பல் கேசினோவில், போக்கர் சீட்டாட்டப் போட்டி. நுழைவு பதினைந்தாயிரம். லாக்டவுனில் என் யூனிட் பூட்டிக் கிடந்தபோது போனில் காசில்லாமல் ஆடிப் பழகியதுதான். காலை பதினொன்றுக்கு உட்கார்ந்தேன், சாயங்காலம் எழுந்தபோது முதல் பரிசு. சரக்கு வாங்கும் பையர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்திருப்பேனோ அப்படியே வைத்திருந்தேன். வேறு வித்தை ஒன்றும் கிடையாது.

வரிக்கு முப்பது சதம் பிடித்துக்கொண்டு 9,80,000 கணக்கில் போட்டார்கள். சந்தோஷமா என்று விஜயா கேட்டாள். ஆமாம் என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

மெக்கானிக் வரவில்லை. "வந்துட்டே இருக்கனுங்க" என்று மூன்று தடவை சொன்னான்.

சனிக்கிழமை நடந்த ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதிவிடுகிறேன்.

கடைசி மேஜையில் சீட்டுப் போட்ட டீலர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையில் சபிதா என்று பெயர் அட்டை. ஒடிசாக்காரி. நான் திருப்பூர் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "மேரி தீதி பீ வஹீ, பனியன் கம்பெனி மே" என்றாள். அவள் அக்கா இங்கேதான் தைக்கிறாளாம். நாலு மணி நேரம் நின்றபடியே சீட்டுப் போட்டாள். முடிந்ததும் இரண்டு கையையும் தட்டி, விரித்துக் காட்டிவிட்டு நகர்ந்தாள். கையில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டுவதாம், விஜயா சொன்னாள். எனக்கென்னவோ என்னிடம் காட்டியது போலத்தான் இருந்தது.

பணம் தரும் கவுன்டரில் ஒருவர் மெதுவாகக் கேட்டார், டீலர்களுக்கு ஏதாவது விட்டுப் போகிறீர்களா, மேடம்? ஜெயித்தவர்கள் ஒரு சதம், இரண்டு சதம் வைப்பார்களாம். எல்லா டீலர்களும் பிரித்துக்கொள்வார்களாம். சபிதா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரீஃபண்டு வந்ததும் அனுப்பறேன்."

நூல்காரருக்கு, டையிங்காரருக்கு, பிரின்டிங்காரருக்கு பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சரக்கு வெளிநாட்டுக்குப் போனால் கட்டிய வரி திரும்பி வரும். அது வந்தால்தான் இந்த ஊரில் யாருக்கும் யாரும் காசு கொடுப்பது. பிடித்த நாலு லட்சத்து இருபதாயிரமும் அப்படி வரும் என்றுதான் நினைத்தேன். போன வருஷம் யூனிட்டில் நஷ்டம் வேறு. கழித்துக்கொண்டு தருவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கவுன்டர்காரர், "எந்த ரீஃபண்டு மேடம்?" என்றார். சபிதா சிரித்தாள். ஏளனமா, மரியாதையா, புரியவில்லை.


ஜூன் 11, புதன்

தூறல். கரன்ட் இரண்டு முறை போய் வந்தது.

வரி பிடித்த ரசீதைப் படம் எடுத்து செந்திலுக்கு அனுப்பினேன். செந்தில் என் சித்தி மகன், யூனிட்டுக்கு ஆடிட்டரும் அவன்தான். 'இது எப்போது திரும்ப வரும்' என்று கேட்டிருந்தேன். மத்தியானம் நாலு முறை கூப்பிட்டிருக்கிறான். மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. நானே திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா, இது வராதுங்க்கா."
"நஷ்டத்துல கழிச்சா?"
"கழிக்க முடியாதுங்க்கா. சூதாட்ட வருமானம் தனி. அதுல எதையும் கழிக்க உட மாட்டாங்க."
"கட்டுன பதினஞ்சாயிரம்?"
"அதுவும் இல்லீங்."
"டீலருக்கு ஏதாச்சும் குடுத்தா?"
"குடுங்க, புண்ணியம். கணக்குல வராது. அப்பறம், இன்னொண்ணுங்க்கா. ரிட்டர்ன் போடறப்ப செஸ்ஸுன்னு வரி மேல வரியா மேக்கொண்டு பதினாறாயிரத்து எட்டுநூறு கட்டோணும்."

வருவதற்குப் பதில் இன்னும் போகிறது. வரி கட்ட எனக்கு வலிக்கவில்லை. ஒரே நாட்டில், ஒரே ஆளுக்கு, பனியன் விற்றால் ஒரு கணக்கு, சீட்டாடினால் ஒரு கணக்கு. அது ஏன் என்றுதான் மண்டை குழம்புகிறது.

போனை வைக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்: "நீங்க எடுக்கலீன்னு ஊட்டுக்குப் போட்டேனுங்க்கா. பெரீம்மாகிட்டச் சொல்லிட்டேன்."


ஜூன் 12, வியாழன்

அம்மா பேசவில்லை.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அதனால் அவள் பேசாவிட்டால் மிக்சி சத்தம்தான் பேச்சு. காலையில் இட்லி இருந்தது, சட்னி இருந்தது, அம்மா சமையலறையில் இருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரவே இல்லை.

என் அப்பா காங்கேயத்தில் சீட்டாடி மூன்று ஏக்கர் தோட்டத்தை விட்டவர். அதற்கப்புறம்தான் திருப்பூர் வேலம்பாளையம், வாடகை வீடு, அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவர் இறந்த அன்று அம்மா சொன்னது: "இனி இந்த ஊட்டுக்குள்ள சீட்டு வந்துதுன்னா நான் என்ற தம்பி ஊட்டுக்குப் போயிருவேன்." சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

இருபது வருஷமாக நான் அப்பா மாதிரி இல்லை என்று காட்டத்தான் எல்லாம் செய்தேன். டிகிரி, லோன், யூனிட், நேரத்துக்கு சம்பளம். எட்டு மணி நேரத்தில் எல்லாம் போயிற்று. ஜெயித்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சைஸ் ஸ்டிக்கர் சரி செய்தாயிற்று. 400 பீஸ்.


ஜூன் 13, வெள்ளி

வாசலில் அம்மாவின் பை. நாலு சேலை, மாத்திரை டப்பா, சார்ஜர். ஒரு நாள், இரண்டு நாளுக்கு அம்மா சார்ஜர் எடுத்துப் போக மாட்டாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நுழைவுக் காசு, பரிசு, வரி, செந்தில் சொன்ன செஸ், எல்லாவற்றையும் சொன்னேன். இனி ஆட மாட்டேன் என்றும் சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"சீட்டுப் போட்டவங்களுக்கு என்ன குடுத்தே?"

இது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"ஒண்ணும் குடுக்கலம்மா. ரீஃபண்டு வந்ததும்..."

"நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்புலயும் உக்காந்து ஆடுவாங்க. பொழுதுக்கும் டீ வெச்சுக் குடுத்தது ஆரு? ஜெயிச்சவன் டம்ளருக்கு அடியில நோட்டை வெச்சுட்டுத்தான் எந்திரிப்பான். அதுலதான் உனக்கு பீஸு கட்டுனேன். உங்கொப்பனுக்கே தெரியாது."

பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கொப்பன் தோக்கறதுதான் நெறைய. ஜெயிச்ச அன்னிக்கு எந்த ஊட்டுல ஆடுனாரோ அந்த ஊட்டுப் பொம்பளைக்குக் குடுக்காம வர மாட்டாரு. நீ அவராட்டம் இல்ல கண்ணு."

அப்பாவைப் போல் இல்லை என்று அம்மா வாயால் கேட்க இருபது வருஷம் காத்திருந்தேன். இப்படியா கேட்க வேண்டும்.


ஜூன் 14, சனி

சம்பள நாள். காற்று விட்டிருந்தது. அம்மாவின் பை இன்னும் வாசலில். பிரிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

பதினோரு மணிக்கு கேசினோவுக்கு போன் செய்தேன். மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். ஒரு வாரம் கழித்து டிப்ஸ் அனுப்ப யாரும் கூப்பிட்டதில்லையாம். ஒருவர் போட்டியில் ஏதோ புகார் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்பே கேட்டுவிட்டார். கடைசியாக வந்த பெண்மணி டீலர்களின் பொதுக் கணக்கு எண் தந்தார். ரசீதுக்குப் பெயர் கேட்டார்.

"காங்கேயம் நாச்சிமுத்து" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தாலே வாயில் வருவது அப்பாவின் இந்தப் பெயர்தான், அவர் இறந்து இருபது வருஷமாகியும். மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மாற்றச் சொல்லவில்லை.

போனில் இரண்டு சதத்துக்குக் கணக்குப் போட்டேன். 28,000 என்று அடித்தேன். அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். நான் பேச்சுக் கொடுக்காமல் மூன்று நாளில் அவளாகப் பேசியது இதுதான்.

"மொட்டையாப் போடாதே. ஒரு ரூவா சேத்திப் போடு."