பால்கனிக் கூடையில் மிஞ்சிய ஒன்று

பால்கனியில் தொங்கிய மூங்கில் கூடையை இன்று இறக்கினேன். காலிக் கூடைதான். ஆனாலும் உங்கள் சட்டையில் வரும் அதே காய்ந்த வெங்காயச் சருகு வாசனை. அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சான்பாடாவில் வீடு பார்த்தாயிற்று. அங்கே பால்கனி கிடையாது.

கல்யாணமான புதிதில், இந்த வீட்டில் ஏன் எப்போதும் கெடப்போகிற வெங்காயத்தையே நறுக்குகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. நாசிக்கில் உங்கள் நண்பர் தோட்டத்தில் விளைந்ததை மே மாதம் கொண்டுவந்து கூடையில் நிரப்புவீர்கள். மழைக்காலம் முழுக்க, தினமும் காலையில் ஒவ்வொன்றாகக் கழுத்தை அமுக்கிப் பார்ப்பீர்கள். மெத்தென்று ஆனதும் முளைவிட்டதும் எனக்கு. கல்லாக இருப்பது கூடைக்கு. ஆபீஸ் வேலை வேறு, இது உங்கள் சொந்தப் பித்து.

"ஒரே பாத்தி, ஒரே தண்ணி, ஒரே கூடை. ஒண்ணு ஜூலையிலயே நாறுது, ஒண்ணு நவம்பர் வரைக்கும் அப்படியே கெடக்கு. அது பொறப்புலயே வாறது பிள்ள. தாங்குனத மட்டும் நட்டு விதை எடுத்தா அதோட பிள்ளையளும் தாங்கும்" என்பீர்கள். பம்பாய் மழைக்குத் தாங்கினால் எந்த ஊரிலும் தாங்கும் என்று பெருமை வேறு. அப்படி எத்தனையோ மழைக்காலம் பொறுக்கிச் சேர்த்த வம்சம் அது.

வெங்காயத்துக்கு வம்சம் பார்த்த மனுஷன் தனக்குப் பார்க்கவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். உங்கள் அப்பா, பெரியப்பா இருவருமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். டாக்டரிடம் போங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் "பாத்துக்கிடலாம்" என்று கூடைப் பக்கம் திரும்பிவிடுவீர்கள். செப்டம்பரில் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். கூடையில் அப்போது ஒரு சின்னக் குவியல் நல்லதாக இருந்தது. நவம்பரில் நாசிக்கில் விதைக்கு நடவேண்டியவை. வேறு விதையும் கையில் இல்லை.

நான் தினமும் அமுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு தாராவியிலிருந்து உங்கள் தங்கச்சி வந்து சமையலில் கைகொடுத்தாள். நான் பாஸ்டரோடு முன்னறையில் இருந்தேன். "ஏன் மைனி, கூடையில அம்புட்டு நல்ல பல்லாரி கெடக்கு, அடுக்களையில சொத்தைய வச்சிருக்கீய. நல்லத பூராவும் எடுத்து சாம்பார்ல போட்டுட்டேன்" என்று வந்து சொன்னாள். அவள்மேல் என்ன தப்பு? அண்ணனுக்காக வந்தவர்களுக்கு நல்லதைத்தானே போடுவாள். சாம்பார் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

போன வாரம் பால்கனியில் இருந்த வாஷிங் மெஷினை நகர்த்தியபோது பின்னால் ஒன்று கிடந்தது. கூடையிலிருந்து எடுக்கும்போது உருண்டு போயிருக்கும். கழுத்தை அமுக்கினேன். கல். உடனே நாசிக்குக்குப் போன் செய்தேன். ஒன்றை வைத்து என்ன செய்வது அண்ணி என்று உங்கள் நண்பர் இந்தியில் மெதுவாகச் சொன்னார். "ஒத்தையில விதை எடுத்தா வம்சம் மெலிஞ்சு போவும், கூட்டத்தோட நடணும்" என்று நீங்களும் சொன்னதுதான். அது தெரிந்தும்தான் போன் செய்தேன்.

சாமானெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. இதை மட்டும் எந்த மூட்டையிலும் போட மனமில்லை, கைப்பையில் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் எடுத்து அமுக்கிப் பார்க்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்களிடம், இருக்கிறேன் என்கிறேன். அதுவும் அப்படித்தான் இருக்கிறது, கெடாமல், ஒற்றையாக.