புதன்கிழமை டிக்கெட்

5.8.2025, செவ்வாய். ஏகாதசி.

இரத்த அழுத்த மாத்திரை 7.10-க்கு. பத்து நிமிடத் தாமதம். காரணம், எதிர்வீட்டுப் பன்னீர்செல்வம். தறியை விட்டு எழுந்து வந்து கைப்பேசியை நீட்டினார். "உங்க புள்ள போன பிளேன படமா எடுத்துகீறாங்க சார். கோர்ட்ல கேஸ் நடக்குது."

இறந்தவர்களின் குடும்பத்தார் தடை கேட்டிருக்கிறார்கள். சாவை விற்கிறார்கள் என்று ஒரு சாரார். உண்மை வெளிவரட்டும் என்று மறு சாரார்.

முன்னோட்டம் பார்த்தேன். ஒரு கிழவர் பஞ்சாங்கத்தை விரித்து மகனிடம் சொல்கிறார்: "திங்கள் அஷ்டமி. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. டிக்கெட்டை மாற்று." அடுத்த காட்சியில் விமானம் எரிகிறது. பன்னீர்செல்வம் சிரித்தார். "இப்படியும் ஒரு ஆளு பாருங்க."

அந்த ஆள் நான்.

தை 18, திங்கட்கிழமைக்கு என் மகன் கோகுல்ராஜ் எடுத்திருந்த டிக்கெட்டை, தை 20, புதனுக்கு மாற்றச் செய்தவன் நான். திங்கட்கிழமை விமானம் பத்திரமாகப் போய் இறங்கியது. ஒன்பது ஆண்டு, ஆறு மாதம், இரண்டு நாள் ஆகின்றன. மருமகள் சூர்யகலாவிடம், கம்பெனி தேதியை மாற்றிவிட்டது என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

டிக்கெட்டை மாற்றச் சொன்னபோது அறையில் அவனும் நானும் மட்டுமே இருந்தோம். அப்படியானால் படக்காரர்களுக்குச் சொன்னது யார்?

9.8.2025, சனி. பௌர்ணமி.

தடை இல்லை. 'கற்பனை' என்று தொடக்கத்தில் ஒரு வரி போட்டால் போதுமாம். வெளியீடு 22-ஆம் தேதி. பதின்மூன்று நாள்.

12.8.2025, செவ்வாய். சங்கடஹர சதுர்த்தி.

குடும்பத்தார் மேல்முறையீடு செய்கிறார்கள். மனுவை அனுப்பியிருந்தார்கள், கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தேன். 'இறந்தவர்களின் மாண்புக்கு இழுக்கு' என்று அதில் எழுதியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பொய்க் கையெழுத்துகளைக் கண்டுபிடித்தவன் நான். இன்று போட்டது என் கையெழுத்துதான். ஆனால் காரணம் பொய்.

சூர்யகலா நெசவாளர் சங்கத்தில் பட்டு நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கு வந்தாள். நம்மைப் போன்றவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்றேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே, "நான் பாக்கணும் மாமா" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று கேட்காமல் என் அறைக்கு வந்துவிட்டேன்.

16.8.2025, சனி. அஷ்டமி.

வெளியே செல்லவில்லை. இன்னுமா இந்தப் பழக்கம்?

21.8.2025, வியாழன். திரயோதசி.

மேல்முறையீடும் தள்ளுபடி. நாளை வெளியீடு.

உண்மை தெரிந்தால் அவள் என்ன செய்வாள்? பேத்தி மதிவதனியை அழைத்துக்கொண்டு தேவிகாபுரத்துக்கு, தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். போகட்டும், எழுபத்தெட்டு வயதில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம். அதுவல்ல அச்சம். போகுமுன் என்னை ஒரு பார்வை பார்ப்பாளே — அதை எங்கே வாங்கி வைப்பேன்?

நானே சொல்லிவிடலாமா? மூன்று முறை கூடத்துக்குப் போனேன். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

24.8.2025, ஞாயிறு. பிரதமை.

அவளும் மதியும் பதினொரு மணிக் காட்சிக்குப் போனார்கள். 1.50-க்குப் படம் முடியும். 2.25-க்குக் கதவு திறந்தது. மதி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். சூர்யகலா செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்ட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"படக்காரங்க போன வருசம் சங்கத்துக்கே வந்தாங்க மாமா. நாந்தான் சொன்னேன்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, நினைவில்லை.

"ஏர்போர்ட்ல இருந்து அவரு போன் பண்ணாரு. அப்பா புதன்தான்னு புடிச்ச புடியில நின்னாரு, ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா உன் கையால சாப்ட்டேன்னு சிரிச்சிகினே சொன்னாரு. அதான் கடேசி."

"அப்போ இத்தனை வருசமும்? எல்லாம் தெரிஞ்சிகினேவா எனக்கு சோறு போட்டே?" என்றேன்.

"கம்பெனி மாத்திச்சு, கம்பெனி மாத்திச்சுன்னு நீங்க சொல்லிகினே இருந்தீங்க. இன்னிக்கி சொல்லுவாரு, நாளைக்கி சொல்லுவாருன்னு பாத்துகினு இருந்தேன். நான் யார்கிட்டன்னா சொல்லணும் இல்ல மாமா?"

எழுந்து போய்ச் சோறு போட்டு வைத்தாள். அதே தட்டு. சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டேன்.

6.9.2025, சனி. சதுர்த்தசி.

இரண்டு வாரமாக வீட்டில் தேவையான பேச்சு மட்டும். மதிவதனிக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று சூர்யகலா விமான டிக்கெட்டை என் மேசைமேல் வைத்தாள். 14-ஆம் தேதி, ஞாயிறு, காலை. நகராமல் நின்றாள்.

பஞ்சாங்கத்தைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு மனப்பாடம். நல்ல நாள்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"அன்னிக்கி அஷ்டமி" என்றேன். "சூலமும் மேற்கு. எனக்குப் பயமா இருக்கும்மா. ஆனா மாத்தாதே."

டிக்கெட்டை எடுத்து, நான்காக மடித்து, என் பஞ்சாங்கத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனாள்.

14.9.2025, ஞாயிறு.

விடியற்காலை வண்டியில் மூவரும் சென்னைக்குப் போனோம். விமானம் 9.35-க்குக் கிளம்பியது. நானும் சூர்யகலாவும் வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இறங்கும்வரை ஊருக்குக் கிளம்ப வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 11.22-க்குக் கைப்பேசி அடித்தது. பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இறங்கிட்டாளாம். உங்க கையில குடுக்கச் சொல்றா."