கழுத்துத் தெரியும் மணமகள்

02.05.2025, வெள்ளி

"டீச்சர், இந்தப் பெட்டியில என்ட நிறம் எங்க?"

நாலாம் வகுப்புச் சித்திரப் பாடத்தில் றஜிதா என்னிடம் கேட்ட கேள்வி. பெஸ்டல் வர்ணப் பெட்டியிலிருந்த இளஞ்சிவப்புக் குச்சியைக் காட்டி, முகத்துக்கு இதைத் தீட்டுங்கள் என்று வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். அவள் தன் கையைக் குச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

இன்று கல்யாண அழைப்போடு வாசலில் நின்றாள். இருபத்துநாலாம் தேதி காலை, கற்பிட்டி மாதா கோயிலில். "நீங்கதான் டீச்சர் எனக்கு முகம் பூசிச் சோடிக்கணும்." ஓய்வுபெற்ற மூன்று வருடத்தில் முப்பத்தொரு மணப்பெண்களுக்குச் சோடித்துவிட்டேன். எல்லோரும் எங்கள் முஸ்லிம் பிள்ளைகள். வேதக்காரக் கிறிஸ்தவப் பிள்ளை ஒருத்தி கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை. மனம் நிறைந்துவிட்டது.

10.05.2025, சனி

ஒத்திகை. நான் கெடுத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் பாக்கியம்மாவும் கூட வந்திருந்தார். "கொஞ்சம் வெள்ளையா எடுத்துவிடுங்க டீச்சர்." எல்லா மாமியாரும் சொல்வதுதான். வழக்கம்போல அவளுடைய நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான முகப்பூச்சை எடுத்தேன். முகம் முடிந்தது. பிறகு கல்யாணக் கவுணை உடுத்தி வந்தாள். கழுத்து, தோள், இரண்டு கைகள் — கடற்கரையில் கருவாடு காயவைத்து வெயிலில் பழுத்த நல்ல மண்ணிறம். அதற்குமேல் யாருடையதோ ஒரு முகம்.

பாக்கியம்மாவுக்குப் பெரிய சந்தோசம். "இப்பதான் கல்யாணப் பொம்பிளை மாதிரி கிடக்கு!"

றஜிதா கண்ணாடியைப் பார்த்தபடி, "இந்தத் தலையத் தூக்கி வேற ஆருக்கும் வைக்கலாம் டீச்சர்" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. முகத்தைக் கழுவியபின் மெதுவாகச் சொன்னாள்: "நான் வெறும் முகத்தோடயே கோயிலுக்குப் போறன்."

11.05.2025, ஞாயிறு

போனில் இருந்த ஒத்திகைப் படத்தை என் வீட்டுக்காரர் மிஹ்லார் பார்த்தார். "என்ன றஹ்மா, மீனுக்கு உப்புப் போட்ட மாதிரி இரிக்கி?" நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர், பொய் சொல்ல மாட்டார்.

12.05.2025, திங்கள்

ஏன் முன்பு எனக்குத் தெரியவில்லை? எங்கள் மணப்பெண்களுக்கு நாடிக்குக் கீழே கழுத்து, தோள் எல்லாவற்றையும் ஸ்கார்ப் மூடிவிடும். நான் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகியவள். சித்திர வகுப்பில், இதேபோல் மேலும் கீழும் ஒட்டாமல், கறுப்பு வானத்தின் கீழே பளிச்சென்ற நீலக் கடல் தீட்டிய பிள்ளைக்கு நான் எத்தனை புள்ளி கொடுத்திருப்பேன்?

முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டுக்குப் போய் ஸ்கார்ப்பைக் கழற்றிக் கண்ணாடி பார்த்தபோது அவர்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? ஒருத்தியும் சொல்லவில்லையே. டீச்சர் என்று விட்டுவிட்டார்களோ?

13.05.2025, செவ்வாய்

றஜிதாவுக்குப் போன் எடுத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன்.

"டீச்சர், நாலாம் வகுப்பில நீங்க என்ன செஞ்சீங்க எண்டு ஞாபகம் இருக்கா? என்ட முகத்துக்கு மண்ணிறம் தீட்டிப் பாத்தீங்க. சாம்பல் மாதிரி கிடக்கு எண்டு சொல்லிப்போட்டு, வேற தாளில முதல்ல செம்மஞ்சளப் பூசி, அதுக்கு மேல மண்ணிறத்தத் தீட்டித் தந்தீங்க. அம்மா அந்தப் படத்த இன்னும் அலுமாரிக்குள்ள வச்சிருக்கா."

எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

17.05.2025, சனி

இன்னொருமுறை பூசிப் பார்க்க றஜிதா சம்மதித்தாள்; கற்பிட்டிக்குப் போனேன். டியூப் லைட் வேண்டாம் என்று அவர்கள் முற்றத்திலேயே கதிரையைப் போட்டேன். தாடையிலிருந்து கழுத்துவரை மூன்று பூச்சில் மூன்று கோடு. பூசியவுடன் மூன்றும் நல்லாய்த்தான் இருந்தன. பத்து நிமிடத்தில் ஒன்று சாம்பல் பூத்தது, ஒன்று சிவந்தது. மூன்றாவதைக் காணவில்லை. அதுதான் அவளுடைய நிறம்.

கண்ணுக்குக் கீழேயும் வாயோரத்திலும் கறுத்த இடங்களுக்கு முதலில் மெல்லிய செம்மஞ்சள், அதற்குமேல் இந்தப் பூச்சு. எல்லோருக்கும் இது பொருந்தாது; எங்கள் பக்கத்து வீட்டு அஸ்கா வெள்ளைச் சிவலை. அவளுக்கு இதே செம்மஞ்சளைப் பூசினால் காமாலைக்காரி போல் ஆகிவிடுவாள். உதட்டுக்கு ரோசா வேண்டாம், வெற்றிலை போட்ட சிவப்பு. றஜிதா கண்ணாடியைக் கீழே வைக்கவேயில்லை.

ஆனால் பாக்கியம்மா?

24.05.2025, சனி

தென்மேற்குச் சோளகக் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. பாக்கியம்மா முகம் நிறையப் பவுடரோடு அறைக்குள் வந்தார். "என்ன டீச்சர், பூச்செல்லாம் தீந்துபோச்சா? பிள்ளை அப்பிடியே நிக்குது!"

"வாசலுக்கு வாங்க அக்கா. வெளிச்சத்தில பாருங்க."

றஜிதா வாசலில் நின்றாள். முகமும் கழுத்தும் தோளும் ஒரே ஆளுடையவை. வெள்ளைக் கவுணுக்குமேல் அந்த மண்ணிறம் மினுங்கியது. பாக்கியம்மா நெடுநேரம் பார்த்தார். நான் துஆ ஓதிக்கொண்டு நின்றேன்.

"மகன் முதல்முதல்ல காட்டின போட்டோவில இருந்த பிள்ளை இதுதான்" என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் தன் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தார். "எனக்கும் இப்பிடி என்ட நிறத்திலயே பூசிவிடுங்க. நாப்பது வருசமா மா பூசித் திரியிறன், ஒருத்தரும் சொல்லல்ல."

"மாமி, கோயில்ல பாதர் பாத்துக்கொண்டிருப்பார்!" என்றாள் றஜிதா.

"பொம்பிளை போகாமப் பூசை தொடங்குமா? நீ சும்மா நில்லு."

31.05.2025, சனி

இன்று எங்கள் பிள்ளை றுஷ்னாவின் நிக்காஹ். முதலில் கழுத்தில் கோடு இழுத்தேன். "கழுத்து ஆருக்கும் தெரியாதே டீச்சர்?" என்றார் அவளுடைய உம்மா.

"அவளுக்குத் தெரியும்" என்றேன்.

இந்த நாட்குறிப்புக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் இதைச் செய்து பாருங்கள்: பூச்சு வாங்குமுன் தாடையிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். கோடு காணாமல் போனால் மட்டும் வாங்குங்கள்.