கழுத்தளவு பதினாலு

என் பூசணிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அக்காவும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும்.

நீ அனுப்பிய அளவுச் சீட்டைப் பார்த்து, கழுத்து பதினாலா, டேப்பைக்கூடப் பிடிக்கத் தெரியவில்லையே என்று சிரித்துவிட்டு, போன வருஷத்துப் பதினைந்தரைக்கே சட்டை தைத்து அனுப்பினேன் அல்லவா? நீ அதைப் போட்டுக்கொண்டு அனுப்பிய படம் வந்தது. காலருக்குள் என் கையே போகும், தோள் தையல் கீழே இறங்கித் தொங்குகிறது. அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாக ஊரார் உடம்பை அளப்பவன், பெற்ற பிள்ளையின் உடம்பு சொன்னதை நம்பவில்லை. வெட்கமாக இருக்கிறதடா.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பேச்சு வந்தது. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், கண்ணாடியை மாற்று என்றாளாம். வயிறு எரிகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று அக்காவிடம், காரத்தைக் குறை என்றாளாம். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று என்னிடம், நான் காபியைத் திட்டினேன். ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்திருக்கிறாய். கை, முதுகு, காலர் என்று தனித்தனியாகக் கிடந்தால் வெறும் துணிதானே, சேர்த்து வைத்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. தைக்கக் கொடுத்த கோட்டை வாங்கக் கடைக்கு வந்த நர்ஸம்மாவிடம் சொன்னேன். "முன்னே ஆசையா செஞ்சதெல்லாம் இப்பவும் செய்யுறானா, சிரிக்கிறானா?" என்று கேட்டார். நீ கடைசியாக என்னை எப்போது கிண்டல் செய்தாய் என்று யோசித்தேன், நினைவே வரவில்லை. "இது சோம்பல் இல்லைங்க, மன அழுத்தமா இருக்கலாம். டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

உன் நாற்காலியில் துணி மூட்டை வைக்க அம்மா யாரையும் விடுவதில்லை. எனக்கும் உன்னைத் தொட்டு ஒரு தடவை அளவெடுக்க வேண்டும் போல இருக்கிறது. டேப் பட்டதும் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாயே, அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

புதுச் சட்டையைப் பதினாலுக்கே தைத்திருக்கிறேன். ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன், தேறினால் பிரித்துக்கொள்ளலாம். தேற நாளானாலும் பரவாயில்லை, நீ இருந்தால் போதும். டாக்டரிடம் துண்டு துண்டாகச் சொல்லாதே, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல். வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை நீட்டு. வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். நல்லா இரு கண்ணு.

நீ சரியாக எடுத்த அளவைத் தப்பென்று சொன்ன,
அப்பா